மஞ்சள் கடுதாசிக்காரரின் பண்டு

சோற்றுத் தூக்குப்போசியை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்ட பிறகுதான் தண்டாயுதபாணி மடியிலிருந்து காசை எடுப்பார். மாரக்காளின் இட்லிக்கு அரையணா என்றாலும் வலக்கையால்தான் வைப்பார். "பீச்சாங்கையில குடுத்த காசும் செல்லாது, அடிச்ச சத்தியமும் செல்லாதுங்க அம்மிணி." இதை நாள் தவறாமல் சொல்வார். மாரக்காளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒழுக்கத்தைப் பார், ஒழுக்கத்தை!

சேலம் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை நிறுக்கும் குமாஸ்தா அவர்; ஷெட் வாசலில் இட்லி விற்பவள் அவள். மச்சானோடு கூட்டுச் சேர்ந்து நூல்கடை போட்டார். புருஷன் போனபின் எருமையை விற்ற பணத்தை மாரக்காள் அந்தக் கடைக்குத்தான் வட்டிக்குக் கொடுத்தாள். கடை மூழ்கியது. அவர் கோர்ட்டுக்குப் போய் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார். இருந்த தட்டுமுட்டுகளை ஏலம் போட்டுக் கடன்காரர்களுக்குப் பிரித்தார்கள். அவள் பங்கு ஒரு கண்டாங்கிச் சேலை வாங்கக்கூடப் போதவில்லை.

ஆனால் பண்டு? சம்பளத்தில் மாதாமாதம் பிடித்து, ரயில்வேக்காரர்களும் போட்டு, வேலை முடிந்து போகும்போது மொத்தமாகக் கொடுப்பார்களே, அது? அதைக் கடன்காரர் தொடக்கூடாது என்று சட்டமாம். கையில் ஒன்றுமில்லை என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்த மனுஷன், பிடித்தத்தை இன்னும் கூட்டச் சொல்லியிருக்கிறாராம். மூட்டை தூக்கும் ராசு சொன்னான்.

அன்றிலிருந்து அவள் கண் அவர் மேலேயே இருக்கிறது. சட்டையில் ஒட்டுப் போட்டிருக்கிறார், நிஜக் கிழிசல்தானா? அஸ்தம்பட்டியிலிருந்து நடந்தே வருகிறார். வண்டிக்குக் காசில்லையா, பண்டுக்கு மிச்சம் பிடிக்கிறாரா? தராசு முள் நிற்கும்வரை மூச்சுவிட மாட்டார். யார் மூட்டையிலும் ஒரு பலம் எடைகூட ஏமாற்றியதில்லை. அந்த யோக்கியத்தின் மேலும் அவளுக்குச் சந்தேகம்தான்.

"ஏனுங்கண்ணா, அந்தப் பண்டு யாருக்குங்க?"

"வயசான காலத்துல எனக்குக் கஞ்சி யாரு ஊத்துவா? என்ற ஒழைப்புங்க அது."

"என்ற எருமை யாரு ஒழைப்புங்க?"

அதற்குச் சிரிப்பார். சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி சட்டினி கேட்பார்.

தை பிறந்தால் அவருக்கு வேலை முடிகிறது. பிறகு ஆளை எங்கே போய்ப் பிடிப்பது? நேற்றுக் காலை ஷெட் வாசலில், முனியப்பன் கல்லின் மேல் மாரக்காள் சூடம் ஏற்றிவிட்டாள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தவன் சொன்ன சொல்லை மீற மாட்டான். மீறினால் குலம் விளங்காது.

"பண்டு கைக்கு வந்ததும் எருமைக் காசைக் குடுத்தர்றேன்னு அடிங்கண்ணா. கோர்ட்டு உட்டாலும் முனியப்பன் உடமாட்டான்."

"அடிச்சாப் போச்சுங்க அம்மிணி. எனக்கென்ன பயம்?"

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. வலக்கை காலியாகத்தான் இருந்தது. சூடத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு நிதானமாக, தூக்குப்போசியை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றிக்கொண்டார்.