துப்பக்காவின் இடது காது

ரைஃபிள் கிளப்பின் விதிப்புத்தகம், பன்னிரண்டாம் பக்கம்: "மறதிப் பொருள் காப்பாளர் இரு செவிகளிலும் குறையற்ற கேட்கும் திறன் உடையவராகவும், இன்முகத்தோடு பழகுபவராகவும், உறுப்பினர்களின் சொல்லை நம்பி நடப்பவராகவும் இருத்தல் வேண்டும்."

அந்தப் பதவியில் பதினெட்டு வருடங்கள் உட்கார்ந்திருந்த பெண்மணிக்கு இடது காது கேட்காது. இன்முகத்தை அவர் கல்யாண ஆல்பத்தோடு மூடி வைத்துவிட்டார். நம்பிக்கையைப் பொறுத்தவரை, மழை பெய்கிறது என்று யாராவது சொன்னால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகும் சொன்னவரின் முகத்தை ஒருமுறை பார்ப்பார். எதிரில் எல்லோரும் அவரை அக்கா என்றார்கள். அந்தண்டை போனதும் துப்பக்கா என்றார்கள். துப்புத் துலக்கும் அக்கா. துப்பாக்கி சுடும் இடத்தில் இதைவிடப் பொருத்தமான பட்டம் அமையாது.

சுட வருகிறவர்கள் துப்பாக்கியை மறப்பதில்லை. மற்ற எல்லாவற்றையும் மறப்பார்கள். ஒற்றைக் கையுறை, கண்ணாடி, குழல் துடைக்கும் கம்பி, தொப்பி. ஒருவர் ஒரு காலணியை விட்டுவிட்டு வீடுவரை போயிருக்கிறார். இதெல்லாம் மறதி என்று உலகம் நினைத்தது. துப்பக்கா நினைக்கவில்லை. ஒற்றைக் கையுறையை விட்டுப் போகிறவன் மற்றக் கையால் என்ன செய்கிறான் என்பதுதான் அவருடைய கேள்வி. கேட்டு வருகிறவர் நிறம், கிழிசல், கறை எல்லாம் சொல்லித்தான் பொருளை வாங்கமுடியும். தொப்பியின் உள்ளே தன் பெயர் தைத்திருக்கிறது என்று காட்டிய ஒருவரிடம், "இந்தப் பேர்ல ஊருக்குள்ள எத்தனையோ பேர் இருக்காங்க" என்று சொல்லி மறுநாள் வரச் சொன்னார்.

காது போன கதையும் இதே குணத்திலிருந்து வந்ததுதான். சுடுதளத்தில் எல்லோரும் வெடிச் சத்தத்துக்குக் காதை மூடும் இயர்மஃப் போட்டுத்தான் நடமாட வேண்டும். அவரும் போட்டார். ஆனால் யார் யாரிடம் என்ன பேசுகிறார்கள் என்று தெரிய வேண்டுமே. அதற்காக இடது பக்கத்தை மட்டும் விரலளவு தூக்கி வைத்துக்கொள்வார். பல வருடம் அப்படிக் கேட்டதில், கேட்பதற்கென்று வைத்திருந்த காதே கேட்காமல் போயிற்று. கிளப்பில் யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் கத்திப் பேசி, எல்லோரும் "என்ன?" என்று திருப்பிக் கேட்கிற இடம் அது, செவிடாக இருக்க அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. வருடாந்திரப் பரிசோதனைக்கு வரும் டாக்டர், "நல்லா கேக்குதாம்மா?" என்பார். "நல்லா கேக்குது டாக்டர்" என்பார் துப்பக்கா. டாக்டர் கையெழுத்துப் போடுவார். சோதனை முடிந்தது.

ஒரு சனிக்கிழமை பல் டாக்டர் ஒருவர் தன் இயர்மஃபை மூன்றாம் தடத்துப் பெஞ்சிலேயே விட்டுப் போனார். பார்க்கக் கிளப்பின் கறுப்பு இயர்மஃப் மாதிரியேதான் இருந்தது. ஆனால் உள்ளே பேட்டரி. வெடிச் சத்தத்தை அடைத்துவிட்டு, மெல்லிய பேச்சைப் பெரிதாக்கித் தருகிற ஜாதி. அதைப் பதிவேட்டில் எழுதுவதற்கு முன் ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறாரா என்று பார்க்கத் துப்பக்கா தலையில் மாட்டினார். சுவரோரம் குழாய் சொட்டியது. அந்தக் குழாய் சொட்டுவது அவருக்கு அன்றுதான் தெரியும். வாசலில் காவலாளி தனக்குள் கணக்குப் பாடம்போல் ஏதோ முணுமுணுத்தான். இடது காதில் ஒரு மூலையில் மிச்சமிருந்த கேட்கும் சக்தி, இத்தனை நாள் கழித்து எழுந்து உட்கார்ந்தது.

அவர் அதைப் பதிவேட்டில் எழுதவில்லை. கம்பெனி முத்திரையின் மேல் கிளப்பின் எண் ஸ்டிக்கரை ஒட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். சுடுதளத்தில் இயர்மஃப் போட்டிருப்பவரை யார் ஏறிட்டுப் பார்க்கப் போகிறார்கள்?

காது திரும்பியதும் சந்தேகத்துக்குக் கொண்டாட்டம். எட்டாம் நாள் அதைக் காதுக்கு ஏற்றியிருந்தபோது, முப்பது அடி தள்ளித் தண்ணீர்த் தொட்டியருகே மெக்கானிக்கும் கிளார்க்கும் பேசிக்கொண்டிருந்தது தெளிவாக விழுந்தது.

"அக்காவோட இடது காது சுத்தமா போச்சு, பாத்தியா?" என்றான் மெக்கானிக்.

"ரொம்ப நாளா அப்படித்தானே. சமாளிச்சு ஓட்டிக்கிட்டிருக்கோம்."

"இதுக்கு மேல தாங்காது. செயலாளர்கிட்ட சொல்லிட்டு இந்த மாசத்தோட கழட்டி விட்டுடலாம். பாவம், நல்லா உழைச்சுது."

துப்பக்கா பதிவேட்டை மூடினார். வேலை போகப்போகிறது. அது கூட இரண்டாம்பட்சம். 'உழைச்சாங்க' என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, 'உழைச்சுது' என்றான். பதினெட்டு வருடம் வேலை பார்த்தவரை அஃறிணையில் தள்ளிவிட்டான். நேரில் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம் என்றால், எப்படிக் கேட்டது என்று அவன் திருப்பிக் கேட்பான். கழுத்தில் தொங்குகிற சாட்சியை எங்கே ஒளிப்பது?

வீட்டில் கணவரிடம் மட்டும் சொன்னார். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் அவர்; எதையும் ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் அப்படியே எடுத்துக்கொள்கிற மனிதர்.

"என் காதால கேட்டேன்" என்றார் துப்பக்கா.

"எந்தக் காதால?" என்றார் கணவர்.

அன்று முதல் கணவரும் சந்தேகப் பட்டியலில் சேர்ந்தார். காது விஷயம் தெரிந்த ஒரே ஆள் இவர்தான். மெக்கானிக் போன வாரம்தான் இவர் கடையில் ஏதோ நகல் எடுத்திருக்கிறான். நூல் பிடித்தாயிற்று. அதன் பிறகு தனக்குக் காது கேட்கிறது என்று நிரூபிப்பதே துப்பக்காவின் முழுநேர வேலையானது. கேள்வி முடிவதற்குள் பதில் சொன்னார். கேட்காத கேள்விக்கும் சொன்னார். மெக்கானிக் வணக்கம் சொன்னால்கூட, "கேக்குது தம்பி, கேக்குது" என்றார். அவன் குழம்பிப்போய் நின்றான். நடிக்கிறான் என்று இவர் குறித்துக்கொண்டார்.

வெளியூர் போயிருந்த பல் டாக்டர் திரும்பிவந்து கவுண்டரில் நின்றபோது, "அப்படி எதுவும் வரலையே" என்று துப்பக்கா அவர் கண்ணைப் பார்த்தே சொன்னார். பொய் சொல்வது இவ்வளவு சுலபம் என்று தெரிந்ததில், இதுவரை தன்னிடம் உண்மை சொன்னவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று புதிதாக ஒரு சந்தேகம் பிறந்தது.

பல் டாக்டர் விடுகிற ஆளில்லை. செயலாளரிடம் போனார். சனிக்கிழமைகளில் தடங்களைக் கடைசியாகப் பூட்டுவது மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சாவிக்கொத்தைத் தொலைத்து எச்சரிக்கை வாங்கியவன். இன்னொரு புகார் வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பத்தொன்பதாம் நாள் செயலாளர் அறையில் அவனுடைய கருவிப் பையை மேஜைமேல் கொட்டிப் பார்த்தார்கள். ஸ்பேனர், எண்ணெய்த் துணி, ஒரு வாழைப்பழம். பல் டாக்டர் எதிரில் உட்கார்ந்திருக்க, துப்பக்காவையும் கூப்பிட்டார்கள்.

"அக்கா, இத்தனை வருஷமா எல்லார் மேலயும் சந்தேகப்பட்டிருக்கீங்க" என்றார் செயலாளர். "இப்ப கேக்கறேன். யார் மேல சந்தேகம்?"

துப்பக்காவின் வாழ்நாளில் யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. ஒரு பெயர் போதும். அந்தப் பெயருக்குரியவன் அவர் வேலைக்கு உலை வைக்கிறவன். வலது பக்கம் நின்று வாழைப்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சாவியைத் தொலைத்தபோது, விற்றிருப்பான் என்று முதலில் சொன்னதும் இவர்தான். இன்னொருமுறை சொன்னால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஆனால் சந்தேகம் என்பது தெரியாததைப் பற்றி வருவது. இந்த ஒரு விஷயத்தில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

"யார் மேலயும் சந்தேகம் இல்ல சார்" என்றார். "நான்தான் எடுத்தேன்."

கழுத்திலிருந்ததைக் கழற்றி, ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி, பல் டாக்டர் முன்னால் வைத்தார். பத்தொன்பது நாளாக எல்லோர் கண்முன்னாலும் தொங்கிக்கொண்டிருந்த பொருள்.

எதற்கு என்று செயலாளர் கேட்டார். இடது காது என்றார் துப்பக்கா. தெரியாததுபோல் கேட்க வேண்டாம் என்றும், மெக்கானிக் எல்லாம் சொல்லியிருப்பான் என்றும், இந்த மாதத்தோடு தன்னைக் கழட்டிவிடப் போவது தெரியும் என்றும், அதற்காக ஒருவன் 'உழைச்சுது' என்று பேசியிருக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

மெக்கானிக் நிமிர்ந்தான். "அக்கா, அது நாலாம் தடத்து மோட்டார்க்கா."

இலக்கு அட்டையைக் கம்பியில் இழுத்துப்போய்த் திருப்பிக் கொண்டுவருகிற மோட்டார். இரண்டு பக்கமும் இரும்புக் காது வைத்துத் தொங்கவிட்டது. அதில் இடது காது உடைந்துவிட்டது.

"அதுக்கு எதுக்கு தம்பி அக்கான்னு பேரு?"

அவன் ஸ்பேனர்களைப் பைக்குள் போட ஆரம்பித்தான். "பாதி வழியில நின்னு, நல்லா யோசிச்சுட்டுத்தான்க்கா அட்டையைத் திருப்பிக் குடுக்கும்."

பதினோரு வருடமாகக் கிளப் முழுவதும் அந்த மோட்டாரை அப்படித்தான் கூப்பிட்டது, அதுவும் பலமுறை அவருக்கு இடது பக்கத்தில் நின்றே. பல் டாக்டர் சிரித்துவிட்டு, இயர்மஃபை அக்காவே வைத்துக்கொள்ளட்டும் என்றார். துப்பக்கா வாங்கவில்லை. ஒருவர் சும்மா எதைக் கொடுத்தாலும் அதில் ஏதோ இருக்கும்.

செயலாளருக்கு விதிப்புத்தகம் இருந்தது. காதை நிஜமாகவே சோதித்தார்கள், பதவி போயிற்று. அட்டை ஒட்டும் அறைக்கு அவரை மாற்றினார்கள், அங்கே பசைக்குக் காது தேவையில்லை என்பதால். மெக்கானிக் தினமும் டீ கொண்டுவந்து வைக்கிறான். ஏன் என்று அவர் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

மாற்றும்போது கிளப் கொடுத்த சான்றிதழில் 'நன்னடத்தை' என்று மட்டும் இருக்கிறது. நடந்தது இது: அவர் பிறத்தியார் பொருளைப் பத்தொன்பது நாள் வைத்திருந்தார், அதற்காக ஒருமுறை பொய் சொன்னார், தனக்குக் கெடுதல் செய்வதாக நம்பிய ஒருவன்மேல் பழி விழவிருந்தபோது, எடுத்தது தான்தான் என்று சொன்னார்.