கார்லண்ட் வாங்கிய இடதுகைத் துப்பாக்கி

கார்லண்ட் பெட்டஸின் வலது கை பிப்ரவரி மாதத்தில் ஒரு காலை வேளை மரத்துப்போனது. நெல் உலர்த்தும் ஆலைக்கு எதிரே இருக்கும் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தார். கரண்டி கீழே விழும் சத்தம் கேட்டது. எவனோ போட்டுவிட்டான் என்று திரும்பிப் பார்த்தார். போட்டது அவர்தான்.

மூளையில் சின்ன ரத்தக்கட்டு என்றார்கள். கோணின வாய் நேரானது, கால் திரும்பியது, பேச்சும் திரும்பியது. அவர் பேசுவதே அபூர்வம் என்பதால் அது திரும்பியதை ஊரில் பலர் கவனிக்கவில்லை. கை மட்டும் பக்கத்து வீட்டுக்காரன் கையை இரவல் வாங்கி மாட்டின மாதிரி தொங்கியது. அசையும், மடங்கும், பிடிக்கும். ஆனால் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வருஷத்துக்குள் திரும்பாதது அப்புறம் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மே மாதம் மகளுக்குக் குழந்தை பிறந்தது. இடது கையில் வாங்கிப் பார்த்தார். "அழகா இருக்கா" என்றார், அப்படித்தானே சொல்ல வேண்டும். உள்ளே ஒன்றும் அசையவில்லை. சோறும் சரி, சர்ச்சும் சரி, ஆலையில் இத்தனை வருஷம் மெக்கானிக்காக இருந்ததற்குக் கொடுத்த கடிகாரமும் சரி, எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிற மாதிரி இருந்தது. அவர் மனைவி நெல்டா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இருபது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டிய பெண்மணி, பின்னால் நடப்பது தெரியாமல் இருக்குமா?

ஆகஸ்டில் லானி வந்தார். லானி வெப் கார்லண்டுடன் படித்தவர். சும்மா இருக்கும்போதும் வாய் அசையும்.

"கெளம்புடா, துப்பாக்கி பாக்கப் போறோம்" என்றார்.

"எனக்கு எதுக்குடா?"

"பின்ன, நவம்பர்ல வாத்தைக் கல்லெடுத்தா அடிக்கப் போற?"

வெள்ளை ஆற்றங்கரைக் காட்டுக்குள் குளிர்காலத்தில் இடுப்பளவு தண்ணீர் ஏறும். மரங்களுக்கு நடுவே வெட்டவெளியாகக் கொஞ்சம் தண்ணீர் தெரியும் இடத்துக்குக் குழி என்று பெயர். கார்லண்ட், லானி, ஹாய்ட் கிம்ப்ரோ மூன்று பேரும் வாலிபத்திலிருந்து ஒரே குழியில்தான் நிற்கிறார்கள். ஆளுக்கு ஒரு மரம். வாத்தைக் கூவி அழைப்பவர் ஹாய்ட். அவர் "எடுங்க" என்று சொன்னால்தான் துப்பாக்கி தோளுக்கு ஏறும்.

அந்தக் குழிக்கு ஒரே ஒரு சட்டம். "எடுங்க" என்று சொல்லாமல் எவன் துப்பாக்கி வெடிக்கிறதோ அவன் அதை உறையில் போட்டுக்கொண்டு போய்விட வேண்டும், அந்த சீசன் முழுக்க வரக்கூடாது. போ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவனாகப் போக வேண்டும். சின்ன வயதில் பக்கத்துக் குழியில் ஒருவன் காலில் குண்டு பாய்ந்து செத்ததை மூவரும் பார்த்திருக்கிறார்கள். சட்டம் அன்றைக்குப் போட்டது. இதுவரை யாருக்கும் தேவைப்படவில்லை.

ஒரு சீசன் விட்டவன் அடுத்த சீசன் வருவான் என்பதெல்லாம் வாய்ப்பேச்சு. இந்த வயதான காலத்தில் ஒரு தடவை அடுப்பருகில் உட்கார்ந்தவன் எழுந்து வந்ததாகச் சரித்திரம் இல்லை. இந்த வருஷம் தன் மரத்தடியில் நிற்காவிட்டால் இனி என்றைக்கும் இல்லை என்று கார்லண்டுக்குத் தெரியும். அதற்காக வருத்தப்படக்கூட அவரால் முடியவில்லை. வருத்தம் வரவில்லையே என்பதுதான் லேசாக உறுத்தியது. அதனால்தான் வண்டியில் ஏறினார்.

கடைக்காரர் கர்டிஸ் முதலில் கார்லண்டின் பழைய பம்ப் துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இது சரிப்படாது அண்ணே. வலது விரல்ல உணர்ச்சி இல்லன்னா விசையை எப்ப அழுத்துறோம்னே தெரியாது. இடது தோளுக்கு மாத்திக்கங்க. அப்ப வலது கைதான் முன்கட்டையை முன்னாடியும் பின்னாடியும் இழுக்கணும். இழுக்குமா?"

இழுக்காது. அதனால் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்கிற துப்பாக்கிதான் வேண்டும், அதுவும் இடதுகைக்காரனுக்குச் செய்தது. உள்நாட்டுக் கம்பெனி இடதுகைக்கென்று செய்கிற ஒன்றின் விலையைக் கேட்டதும் லானி தொப்பியைக் கழற்றிவிட்டார், சாவு வீட்டில் கழற்றுவது போல. இத்தாலிக்காரன் செய்தது அதைவிட மோசம்.

"துருக்கியிலிருந்து வர்றது இருக்கு. பாதி விலைக்கும் கம்மி" என்றார் கர்டிஸ். இரண்டை எடுத்து வைத்தார். "இது எடை கம்மி. தூக்கிட்டு நடக்க சொகம், ஆனா தோளை ஒதைக்கும். இது கனம். ஒதை கம்மி, சேறு பட்டாலும் தாங்கும்."

"துருக்கிக்காரன் துப்பாக்கி நம்ம ஊர் வாத்தைச் சுடுமா?" என்றார் லானி.

"வாத்து பாஸ்போர்ட்டா கேக்கப் போகுது?"

கார்லண்ட் கனமானதை எடுத்து இடது தோளில் வைத்தார். கன்னம் கட்டையில் படிந்தது. நன்றாக இருக்கிறதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை. "இதைக் குடு" என்றார்.

"ஒண்ணே ஒண்ணு அண்ணே" என்று கர்டிஸ் விசைக்குப் பின்னால் இருந்த சேஃப்டி பொத்தானைக் காட்டினார். "இடதுகைத் துப்பாக்கில எல்லாமே தலைகீழ். நீங்க இத்தனை நாளும் இடமிருந்து வலமா தள்ளினா பூட்டும். இதுல அப்படித் தள்ளினா தெறந்துக்கும். வலமிருந்து இடம் தள்ளணும். மறந்துடாதீங்க."

"மறக்க மாட்டான். அவன் பொண்டாட்டி பொறந்தநாளைத் தவிர எதையும் மறக்க மாட்டான்" என்றார் லானி.

ஆற்றோரம் போய்க் கனமான தோட்டாக்களைப் போட்டுச் சுட்டுப் பழக்கினார்கள். இறக்குமதித் துப்பாக்கி முதலில் முரண்டு பிடிக்கும், மசகு ஓடித்தான் வழிக்கு வரும். நான்காவது நாள் அது சுட்ட தோட்டாவின் கூட்டை ஒழுங்காக வெளியே துப்பியது. மாலை வேளைகளில் கார்லண்ட் கூடத்தில் நின்று தோட்டா இல்லாமல் தோளுக்கு ஏற்றி இறக்கினார். வலமிருந்து இடம், வலமிருந்து இடம் என்று முணுமுணுத்துக்கொண்டே பொத்தானைத் தள்ளினார்.

"இதுவரைக்கும் என்னைப் பார்த்துக்கூட இப்படி ஒண்ணு முணுமுணுத்தது இல்ல" என்றார் நெல்டா. பிறகு சிரிக்காமல் கேட்டார்: "உனக்கு நிஜமாவே போகணும்னு இருக்கா, கார்லண்ட்?"

"தெரியல."

"சரி. தெரியலன்னா போ. வேண்டாம்னு தெரிஞ்சா வந்துடு."

சீசன் தொடங்கும் நாள் நல்ல குளிர். லானியின் படகில் இருட்டோடு காட்டுக்குள் போனார்கள். ஹாய்ட்டின் கறுப்பு நாய் ஜூனைத் தண்ணீருக்கு மேலே மரத்தில் கட்டிய பலகையில் ஏற்றி உட்காரவைத்தார்கள். கார்லண்ட் தன் மரத்தில் சாய்ந்து நின்றார். மார்புவரை ரப்பர் உடுப்பு, அதற்கு வெளியே தண்ணீர். மேலே இறக்கை விசிறும் சத்தம் கேட்கத் தொடங்கியது. முன்னெல்லாம் இந்தச் சத்தம் கேட்டாலே கழுத்து தானாக மேலே திரும்பும். காத்திருந்து பார்த்தார். திரும்பவில்லை.

ஹாய்ட் கூவினார். வாத்துக் கூட்டம் ஒருமுறை வட்டமிட்டது, மறுமுறை தாழ்ந்தது, மரக்கிளைகளுக்கு நடுவே கால்களைத் தொங்கவிட்டு இறங்கியது.

"எடுங்க."

கார்லண்ட் இடது தோளில் வைத்து இரண்டு முறை சுட்டார். ஒரு பச்சைத்தலை ஆண்வாத்து மடங்கி விழுந்தது.

"பாத்தியா ஹாய்ட், துருக்கிக்காரனை!" என்றார் லானி. ஹாய்ட் அதிகம் பேசாதவர். தொப்பியை விரலால் தட்டினார், அவரிடமிருந்து அதுவே ஒரு பதக்கம்.

நாய் வாத்தைக் கொண்டுவந்தது. கார்லண்ட் இன்னொரு தோட்டாவை ஏற்றிவிட்டுச் சேஃப்டியைத் தள்ளினார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். கூடத்தில் ஒரு இலையுதிர்காலம் முழுக்க முணுமுணுத்தது, ஒரு வாத்து விழுந்த சந்தோஷத்தில், அதைச் சந்தோஷம் என்று சொல்லலாமென்றால், பறந்துவிட்டது. இடமிருந்து வலம் தள்ளினார். பொத்தான் ஏற்கெனவே அங்கேதான் இருந்தது, நகரவில்லை. தடித்த கையுறைக்குள் அது தெரியவில்லை.

லானி பிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றி நீட்டினார். இடது கையால் வாங்குவதற்காகக் கார்லண்ட் துப்பாக்கியை வலது கைக்கு மாற்றினார். வலது கைக்கு அதன் பிடி நெடுநாள் பழக்கம். விரல்கள் போய் உட்கார்ந்துகொண்டன. எங்கே போய் உட்கார்ந்தன என்று அவர் பார்க்கவில்லை.

துப்பாக்கி வெடித்தது.

ஜூனின் பலகைக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் தண்ணீர் எழும்பி விழுந்தது. நாய் நனைந்து நின்றது. உடம்பை ஒருமுறை உதறியது.

ஹாய்ட் கார்லண்டின் கையை ஒரு கணம் பார்த்துவிட்டு மர உச்சிக்குக் கண்ணைத் திருப்பினார். கார்லண்ட் தன் வலது கையைப் பார்த்தார். ஆள்காட்டி விரல் விசைமேல் கிடந்தது.

"என்னுதுதான்" என்றார் லானி. "கை தவறிடுச்சு. மன்னிச்சுக்கங்கப்பா." தன் துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போடத் தொடங்கினார்.

"சரி லானி" என்றார் ஹாய்ட், மர உச்சியிலிருந்து கண்ணை எடுக்காமல். "எங்களை மத்தியானம் வந்து கூட்டிட்டுப் போ."

கார்லண்ட் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். ஒரு நிமிஷம் அப்படித்தான் இருந்தார். லானி உறையை எடுத்தார். பச்சைத் தோட்டாக்கூடு ஒன்று இன்னும் புகைந்தபடி கார்லண்டின் இடுப்பருகே மிதந்தது.

"லானி" என்றார் கார்லண்ட். "உன் தோட்டா சிவப்புடா."

லானி உறையைக் கீழே இறக்கினார்.

"என்னுது" என்றார் கார்லண்ட். துப்பாக்கியை ஹாய்ட்டிடம் நீட்டினார். இடதுகைத் துப்பாக்கி, ஹாய்ட்டுக்கும் எதை எந்தப் பக்கம் இழுப்பதென்று சட்டென்று பிடிபடவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து காலி செய்தார்கள். ஹாய்ட் அதை உறையில் போட்டுக் கொடுத்தார், கொடுக்கும்போது உறையை உடனே விடாமல் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

படகில் லானிக்குக் கோபம். மோட்டாரை மெதுவாக ஓட்டிக்கொண்டே திட்டினார்.

"உன்னை யாருடா கேட்டா? அரிச்சந்திரன் வீட்டுக்கு அடுத்த வீடா நீ? நான் ஒரு வருஷம் வாத்து சுடலன்னா என்ன, குடியா முழுகிடும்? மூட்டுவலிக்காரன், வீட்ல கெடந்துட்டுப் போறேன்."

"ஹாய்ட் ஏன் சரின்னான்?" என்று கேட்டார் கார்லண்ட். "அவன் பார்த்தான். என் கையைத்தான் பார்த்தான்."

லானி ஒரு சாய்ந்த மரத்தைச் சுற்றிப் படகைத் திருப்பினார்.

"பேசி வச்சிருந்தோம்" என்றார். "நீ துப்பாக்கி வாங்கின அன்னிக்கே. முதல் தப்பு நடந்தா என் கணக்கு. ரெண்டாவது நடந்தா ஹாய்ட் கணக்கு."

அப்படியானால் இது நடக்கும் என்று தெரிந்தேதான் இருவரும் காலை இருட்டில் அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறார்கள். கார்லண்டுக்கு முகம் சுட்டது. வெட்கம். பிப்ரவரிக்குப் பிறகு அவருக்குள் வந்த முதல் விருந்தாளி அதுதான். அதன் பின்னாலேயே வேறு ஏதோவும் வந்தது.

"மூணாவது நடந்தா?" என்றார்.

"மூணாவதைப் பத்திப் பேசல" என்றார் லானி. "ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிட்டா குழில நீ மட்டும்தானே. யாரைச் சுடப் போற?"

கார்லண்டுக்கு அழுகை வந்தது. அடக்கிப் பார்த்தார், அடங்கவில்லை. படகின் முன்பலகையைப் பார்த்துக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமாகவே அழுதார். லானி பின்னாலிருந்து மோட்டாரின் இரைச்சலைக் கொஞ்சம் கூட்டினார்.