உமிக்குச் சண்டை பிடித்தவள்

மீனம்மாவை நான் முதன்முதலில் கண்ட அன்று அவள் என் சைக்கிளை உதைத்து விழுத்தினாள். 2003 ஆவணி மாதம், வன்னியில், அக்கராயனில் செல்வராசாவின் அரிசி ஆலை வாசலில்.

அப்போது நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்தேன். ஆலையில் குவிகிற உமியை மூடிய உலையில் எரித்து, அதில் வரும் வாயுவால் இயந்திரம் ஓட்டி, ஊருக்கு மின்சாரம் கொடுப்பதுதான் திட்டம். ஊர் முழுவதும் சம்மதம் என்று கையெழுத்து வாங்கித் தருவது என் பொறுப்பு.

நாற்பத்தாறு வீட்டில் வாங்கியிருந்தேன். மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் இருந்த சனம், யாரும் மறுக்கவில்லை. வாய்க்காலுக்கு அங்காலே இருந்த பதினான்கு குடிசைகளுக்கு மட்டும் போகவில்லை. ஊர்ச் சங்கத் தலைவர் யோகநாதன் தடுத்துவிட்டார்.

"அங்கால போகாதையும் தம்பி. காணிப் பத்திரம் இல்லாத சனம். கரண்ட் கம்பமும் அந்தப் பக்கம் போகாது. பிறகென்னத்துக்குக் கையெழுத்து?"

வேலை குறைந்தது என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். படிவத்தில் 'எதிர்ப்பு எதுவும் இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

மீனம்மா அந்தப் பதினான்கு குடிசைகளில் ஒன்றில் இருந்தாள். மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். எழுபத்தேழு இனக்கலவரத்தில் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு நெருப்பு வைத்தபோது தகப்பன் ஆண்டியப்பனோடு லொறியில் ஏறி வன்னிக்கு வந்தாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அன்று தொடங்கி மற்றவர்களின் வயலில் நாற்று நட்டாள், கதிர் வெட்டினாள். போரில் இடம்பெயர்ந்து மல்லாவியில் இருந்தபோது புருஷன் பாம்பு கடித்துச் செத்தான். சமாதான காலத்தில் இரண்டு பெண் பிள்ளைகளோடு அக்கராயனுக்குத் திரும்பி வந்து, இரண்டு தகரப் பீப்பாய்களில் நெல் அவித்துக் காயவைத்து, புழுங்கலரிசியாக்கிச் சந்தைக்கு அனுப்பத் தொடங்கினாள். அந்தக் குடிசைகள் நின்ற ஒழுங்கையில் இன்னும் ஆறு பெண்கள் அவளைப் பார்த்து இந்த வேலைக்கு வந்தார்கள். ஏழு பேருக்கும் எரிபொருள் செல்வராசாவின் உமிதான். அள்ள ஆளில்லாமல் கிடந்த உமி அது. யாரும் விலை கேட்டதில்லை.

அன்று காலை அவள் வெறும் சாக்குகளோடு ஆலைக்குப் போயிருக்கிறாள். உமிக் கொட்டிலில் பூட்டுத் தொங்கியிருக்கிறது.

"இனி உமி இல்லை. மிசினுக்கு வேணும்," என்றாராம் செல்வராசா. "காட்டில விறகு கிடக்குதுதானே."

அந்த நேரம் பார்த்துத்தான் நான் போய் இறங்கினேன். சைக்கிள் விழுந்தது. படிவங்கள் சேற்றில் சிதறின.

"காட்டுல மண்டையோடு போட்ட போர்டு நிக்குது, தெரியுமா சார்? மிதிவெடிக்குள்ள போயி விறகு வெட்டச் சொல்றாரு. எங்க ஒழுங்கைக்கு வந்து ஒரு வார்த்த கேட்டீங்களா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு நல்ல காரியத்தைக் கெடுக்க வந்தவள் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாடசாலையில் திட்டம் பற்றிய கூட்டம். அழைக்காமலே ஏழு பெண்களும் வந்து பின்சுவரோடு நின்றார்கள். மீனம்மா வாய் திறக்கும் முன்பே யோகநாதன் எழுந்தார்.

"தோட்டக்காட்டுச் சனத்துக்கு இருக்க இடம் விட்டதே பெரிசு. இப்ப ஊருக்கு வெளிச்சம் வேண்டாமெண்டு சொல்ல வந்திட்டினம்."

சிலர் சிரித்தார்கள். "வெளிய போங்கோடி," என்று யாரோ கத்தினார்கள். மேசையில் தலைவருக்குப் பக்கத்தில் இருந்த நான் குனிந்து எதையோ எழுதுவதுபோல் பாவனை செய்தேன்.

மூன்றாம் நாள் அந்தப் பெண்கள் பீப்பாய்களை உருட்டிக்கொண்டு வந்து ஆலை வாசலில் அடுப்பு மூட்டினார்கள். விறகுக்கு ஆலையின் வேலிக் கதியால்களைப் பிடுங்கினார்கள். நெல் மூட்டையோடு வந்த உழவு இயந்திரங்கள் உள்ளே போக முடியாமல் வரிசையில் நின்றன. யோகநாதன் ஓடிவந்து மீனம்மாவின் பீப்பாயைக் காலால் தள்ளினார். கொதிதண்ணீரும் அரைவேக்காட்டு நெல்லும் அவள் பாதத்தில் கொட்டின. அவள் அலறினாள். ஆனால் எழுந்து போகவில்லை. பீப்பாயை நிமிர்த்தி, மண்ணில் கொட்டிய நெல்லை அள்ளித் திரும்பவும் உள்ளே போட்டாள்.

கம்பங்களுக்கு இடம் குறிப்பதற்காக எங்கள் பொறியியலாளர் றிஸானா அன்று வவுனியாவிலிருந்து வந்திருந்தார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, கையிலிருந்த படிவத்தை என்னிடம் நீட்டினார்.

"எதிர்ப்பு இல்லையெண்டுதானே எழுதித் தந்தீங்க, குகதாசன்?"

நான் பதில் சொல்லும் முன் மீனம்மா குறுக்கிட்டாள். "எங்களப் பத்தி அதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க சார்."

வாசித்தேன். பாதம் கொப்பளித்து நிற்கிற ஒருத்திக்கு முன்னால் 'எதிர்ப்பு எதுவும் இல்லை' என்று உரத்து வாசிப்பது எப்படியிருக்கும் என்று வாசித்தவனுக்குத்தான் தெரியும். பேனையை எடுத்து அந்த வரியை வெட்டினேன்.

திட்டம் இரண்டு மாதம் நின்றது. கடைசியில் றிஸானா முன்னிலையில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கிழமையில் இரண்டு நாள் உமி நெல் அவிக்கும் பெண்களுக்கு. கம்பம் வாய்க்காலைத் தாண்டிப் போகும். பதினான்கு வீடும் சேரும். சம்மதிக்காவிட்டால் இயந்திரம் வேறு ஊருக்குப் போய்விடும் என்பதால் செல்வராசா ஒப்புக்கொண்டார். யோகநாதன் கையெழுத்துப் போட்டுவிட்டு என் முகத்தைப் பாராமல் போனார். உமி குறைந்ததால், ஐந்து மணி நேரம் எரிய வேண்டிய விளக்கு மூன்றரை மணி நேரம்தான் எரியும் என்றானது.

2004 தை மாதம் மின்சாரம் வந்தது. குறைந்த ஒன்றரை மணி நேரத்துக்காக ஊர் மீனம்மாவை மன்னிக்கவில்லை. அந்த அறுவடைக்கு வாய்க்காலுக்கு அங்காலே இருந்த ஒருவரையும் கூலிக்கு வயலில் இறக்கவில்லை. பொதுக்கிணற்றடியில் யோகநாதனின் மனைவி கமலாசனி அவளை மறித்தாள்.

"என்ர பிள்ளை சோதினைக்குப் படிக்கேக்க லைட் நிக்குது. உன்ர நெல்லு மட்டும் அவியுது, என்ன?"

"என் புள்ளயும் அதே லைட்டுலதான் படிக்குது," என்று மீனம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பாதம் ஆறியிருந்தாலும் நடையில் ஒரு சாய்வு தங்கிவிட்டது.

அவளுடைய ஒழுங்கைக்கே கூட அவள்மேல் மனக்குறை இருந்தது. கூலி போனதற்கு அவளைத்தான் பழித்தார்கள். என்னிடம் ஒருமுறை சொன்னாள்: "சும்மா இருந்திருந்தா எல்லாருக்கும் நல்லவளா இருந்திருப்பேன் சார். அடுப்பு எரிஞ்சிருக்காது."

2006 இல் சண்டை மறுபடி மூண்டு, வன்னிக்கு வரும் பாதை மூடப்பட்டபின் இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் வரவில்லை. இரண்டு மாதத்தில் அது நின்றுபோனது. 2008 கடைசியில் சண்டை நெருங்க, ஊரே எழும்பி ஓடியது.

அடுத்த வருடம், போர் முடிந்தபின், செட்டிகுளம் அகதி முகாமில் அவளுடைய மூத்த மகளைக் கண்டேன். அம்மா உயிரோடு இருக்கிறாவா என்று கேட்கவே பயமாக இருந்தது. கேட்டேன்.

"இருக்காங்க," என்றாள் அவள், களைத்த குரலில். "தண்ணி பவுசர் வண்டி எங்க வரிசைக்கு வரலன்னு அந்தா சண்ட போட்டுக்கிட்டு நிக்கிறாங்க."