உக்காவுக்குச் செய்த அலங்காரம்

பீடியை விடச் சொல்லி நாமக்கல் டாக்டர் என் வீட்டுக்காரரிடம் கறாராகச் சொன்னது எண்பதுகளின் தொடக்கத்தில். "இந்த இருமலோட ஸ்டீயரிங்கப் பிடிச்சீங்கன்னா ஒரு நாளைக்கு வண்டி ஒரு பக்கம் போவும், நீங்க ஒரு பக்கம் போவீங்க. ஒண்ணு பீடிய உடுங்க, இல்ல லாரிய உடுங்க" என்றார். லாரியை விடுவதற்குப் பதில் என்னை விடச் சொல்லியிருந்தால்கூட மனுஷர் கொஞ்சம் யோசித்திருப்பார். எந்த ஊர் ரோட்டில், எந்த இருமலில் கை வழுக்குமோ என்று அவர் லோடு இறக்கித் திரும்பும்வரை எனக்குச் சோறு இறங்காது.

அந்தத் தடவை பஞ்சாபுக்குப் போனவர், இருபது நாள் கழித்துப் புதுச்சத்திரத்தில் எங்கள் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தி, துண்டில் சுற்றிய எதையோ பச்சைப் பிள்ளையைப் போல இறக்கினார். உக்கா! கீழே தண்ணீர் ஊற்றக் கண்ணாடிக் குடுவை, நடுவில் பித்தளைத் தண்டு, உச்சியில் புகையிலையும் கங்கும் வைக்க ஒரு மண் கிண்ணம், பக்கத்தில் இழுப்பதற்கு நீளக் குழாய்.

"பீடிய உட்டுட்டேன் புள்ள! இதுல புகை தண்ணியில குளிச்சுட்டுத்தான் வருது. அழுக்கெல்லாம் கீழயே நின்னுக்கும்."

நானும் நம்பினேன். இனிமேல் சட்டையில் பீடி ஓட்டை விழாது என்ற சந்தோஷம் வேறு. வெல்லப்பாகில் பிசைந்த புகையிலை ஒரு டின் நிறையக் கொண்டுவந்திருந்தார். காலையில் அவர் பல் விளக்கி வருவதற்குள் ஒரு உருண்டை பிடித்துக் கிண்ணத்தில் வைத்துவிடுவேன்.

அவர் இழுத்தால் குடுவைக்குள் குமிழ் குமிழாக வரும். பார்க்க அழகுதான், ஆனால் உள்ளே வெறும் தண்ணீர். லாரிக்காரர் வீட்டில் எதையும் மொட்டையாக விட்டுப் பழக்கமில்லை. எங்கள் வண்டிக்குக் குஞ்சம், கண்ணாடி மணி, கலர் பல்பு என்று கல்யாணப் பெண் தோற்கும் அலங்காரம். உக்கா மட்டும் என்ன பாவம் செய்தது? முதல் வேலையாகத் தண்டில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினேன். குடுவைக்குப் பொட்டு வைத்தேன். பிறகு உள்ளே கை போனது. பழைய பிளாஸ்டிக் மாலையின் மணிகள், ஜாக்கெட்டுக்கு வாங்கிய ஜிகினாத் தூள், ஒரு நாள் துணிக்குப் போடும் நீலம். புகை குளிக்கிற தண்ணீர் நீலமாக இருந்தால் இன்னும் வெள்ளையாக வெளுத்து வராதா என்றுகூட நினைத்தேன். சிரிக்காதீர்கள், அன்றைக்கு எனக்கு அது நியாயமாகவே பட்டது.

ஜவ்வரிசி ஆலை வைத்திருக்கும் என் தம்பி வந்து பார்த்தான். எங்கள் பக்கத்தில் ஜவ்வரிசி எதற்கு உதவாது? அடுத்த தடவை வரும்போது வற்றலுக்குப் போடும் கலர் ஜவ்வரிசியில் ஒரு படி கொண்டுவந்தான்.

"போடுக்கா, குமிழோட சேந்து குதிக்கும் பாரு!"

குதித்தது. சிவப்பும் பச்சையுமாக அரை மணி நேரம் குதித்தது. பிறகு ஊதி, குழைந்து, தண்டின் அடிவாயில் போய் அப்பிக்கொண்டது. இவர் இழுக்கிறார், இழுக்கிறார், புகை வரவில்லை. கோபம் வந்து, டீசல் பைப்பை ஊதுகிற மாதிரி தம் கட்டி ஊதினார். பொளக்கென்று கஞ்சி மேலே ஏறிக் கங்கைத் தூக்கி அடித்தது. தம்பியின் வெள்ளை வேட்டியில் கலர் கலராகப் பாயசம்.

"அட கருமமே! மச்சான், இதோட பொண்ணு பாக்க எப்படிங்க போறது?"

அதோடு விட்டிருக்கலாம். எங்கே விட்டோம்? மறு வாரம் அவனே இன்னொரு யோசனையோடு வந்தான். தண்ணீருக்குப் பதில் கோலி சோடா ஊற்றி, துணிக்குள் வைக்கும் பாச்சை உருண்டையைப் போட்டால் தானாகவே ஏறி ஏறி இறங்குமாம், பள்ளிக்கூடத்தில் செய்து காட்டினார்களாம். அலமாரியில் இருந்து நாலு உருண்டையை எடுத்துக் கொடுத்தது நான்தான். ஐயோ, அது ஏறி இறங்கிய அழகு! நான் கை தட்டினேன்.

"கமகமன்னு இருக்குது புள்ள" என்றார், இரண்டாவது இழுப்பில். நாலாவது இழுப்பில் குழாய் கையிலிருந்து நழுவியது. தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். இருமல் வந்தது, மூச்சு வரவில்லை. "ஏனுங்க! ஏனுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. தம்பியின் மோட்டார் சைக்கிளில் இவரை நடுவில் வைத்து, பின்னால் நான் ஒரு கையால் இவரையும் மறு கையால் உக்காவையும் அணைத்துக்கொண்டு நாமக்கல் போனேன். என்ன குடித்தார் என்று டாக்டர் கேட்டால் காட்ட வேண்டாமா?

கேட்டார். எலுமிச்சம்பழமும் பொட்டுமாக நின்ற உக்காவைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுத்தான் கேட்டார். "இதுக்குள்ள என்னென்ன போட்டீங்க? ஒண்ணுவிடாமச் சொல்லுங்க."

அழுதுகொண்டே ஒப்பித்தேன். மணி, ஜிகினா, நீலம், ஜவ்வரிசி, சோடா, பாச்சை உருண்டை. "நான்தானுங்க போட்டேன். என்ர கையாலயே கொன்னுட்டனுங்களா?"

"இந்த மயக்கம் பாச்சை உருண்டையால வந்தது, தெளிஞ்சிரும். தண்ணி எதையும் கழுவாதுங்க அம்மிணி. புகையக் கொஞ்சம் குளுர வெக்கும், அவ்வளவுதான். உள்ள நீங்க போட்ட கண்டதும் புகையோட சேந்து நெஞ்சுக்குத்தான் போயிருக்குது. சரி, மேல கிண்ணத்துல என்ன வெச்சீங்க?"

"அது ஒண்ணுமில்லீங்க" என்றேன். "எப்பவும் வெக்கிற புகையிலைதானுங்க."

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். கட்டிலில் கிடந்த இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். "அப்ப இருமலு?" என்று இவர்தான் மெல்லக் கேட்டார். டாக்டர் அந்த மண் கிண்ணத்தை விரலால் தட்டிக் காட்டினார்.

உக்காவை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினோம். லாரியை விட வேண்டியதில்லை, புகையிலை ஒன்றைத்தான் விட வேண்டும் என்று வழியெல்லாம் இவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். சொன்னபடி விட்டும்விட்டார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, காலையில் புகையிலை உருண்டை பிடித்த கையை மோந்து பார்த்தேன். நல்ல வெல்ல வாசனை அடித்தது.