அண்ணன் பெயரில் அண்ணி எழுதிய நிரல்

அண்ணிக்கு வந்த கேள்வி கண்ணியமான மொழியில்தான் இருந்தது. "நீங்கள் இணைத்திருந்த நிரலைப் படித்தேன். நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு திருத்தமும் வேறொருவர் பெயரில் பதிவாகியிருக்கிறது. இவற்றுள் நீங்கள் எழுதிய பகுதி எது?" ஆங்கிலத்தில் வந்த அந்தச் சில வரிகளை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, அண்ணி மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையின் நடுப்பக்கமாக மெல்லத் தள்ளி வைத்தார். சூடான பாத்திரத்தைக் கையிலிருந்து இறக்கி வைப்பதைப் போல இருந்தது.

அந்த வேறொருவர் என் அண்ணன், அண்ணியின் கணவர்.

பருவ விடுமுறைக்கு நான் சிங்கப்பூர் எல்லைக்கு இக்கரையில், தெப்ராவில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்த நேரம் அது. நான் பல்கலைக்கழகத்தில் தமிழிலக்கியம் படிக்கிறேன். அண்ணி வார நாள்களில் பக்கத்துத் தொழிற்பேட்டையில் மின்சுற்றுப் பலகைகளைச் சோதிக்கும் வேலை செய்துகொண்டு, வார இறுதிகளில் கல்லூரியில் மென்பொருள் பட்டயப் படிப்புப் படிக்கிறார். கல்லூரியில் தரும் பயிற்சிகளுக்கெல்லாம் விடை ஏற்கெனவே யாரிடமோ இருக்கிறது என்பது அவருடைய குறை. விடை தெரியாத ஒன்றைப் பலரோடு சேர்ந்து செய்து பார்க்க விரும்பினார். அப்படித் தேடியபோது அவர் கண்டுபிடித்ததுதான் அந்தத் திறமூலத் திட்டம். சாலைக் காமிராக்களின் படங்களைப் பார்த்து வண்டிகளை எண்ணும் மென்பொருள் அது. அதன் நிரலை யாரும் திறந்து படிக்கலாம், இலவசமாகப் பயன்படுத்தலாம், திருத்தியும் அனுப்பலாம். ஆண்டுதோறும் சில மாணவர்களை அவர்கள் சேர்த்துக்கொள்கிறார்கள். சேர விரும்புகிறவர் தம் நிரலாக்கப் பின்னணியை எழுதி, தாமே எழுதிய நிரல் ஒன்றையும் காட்ட வேண்டும்.

தொழிற்சாலை வேலையில் அண்ணியைப் பக்கத்து வீட்டார் சொல்லிச் சேர்த்துவிட்டார்கள். கல்லூரியை அண்ணன் காட்டினார். தாமாகவே தேடி, தாமாகவே கதவைத் தட்டியது இதுதான் முதல்முறை. அந்தப் பின்னணிக் குறிப்பை எழுத நான் உதவினேன். நான் சேர்த்த இரண்டு அடைமொழிகளையும் அவர் எடுத்துவிட்டார். மற்றபடி எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தக் கேள்வி வரும்வரை.

காட்டுவதற்கு அவரிடம் இருந்த நிரல் பாலத்தைப் பற்றியது. அண்ணன் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறார். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி எல்லைப் பாலத்தைக் கடக்க வேண்டும். நெரிசல் குறைவாக இருந்தால் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தூங்கலாம். அதிகமாக இருந்தால் பசியாறாமல் ஓட வேண்டும். பாலத்துக் காமிராக்களின் படங்கள் இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கின்றன. அண்ணியின் நிரல் அவற்றைப் பார்த்து, மோட்டார் வரிசை எவ்வளவு நீளம் என்று கணித்து, அண்ணனின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும்.

நேர்ந்த பிழை எளியது. மடிக்கணினி முதலில் அண்ணனுடையது. ஒரு காலத்தில் அவருக்கும் நிரல் எழுதக் கற்கும் ஆசை வந்து, வகுப்பொன்றில் சேர்ந்து, இரண்டாம் பாடத்தோடு நின்றுவிட்டார். அந்த வகுப்பின் முதல் பாடத்தில், நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்து வைக்கும் கருவியை நிறுவி, அதில் தம் பெயரை எழுதி வைத்திருக்கிறார். பிறகு யார் அந்தக் கணினியில் எதை எழுதினாலும், எழுதியவர் என்ற இடத்தில் அண்ணன் பெயரையே அது போட்டுக்கொண்டிருந்தது. அண்ணி அதைப் பார்க்காமல் இல்லை. பார்த்தும், அது கவனிக்க வேண்டிய ஒன்று என்று அவருக்குத் தோன்றவில்லை.

எங்களில் யாருக்குமே தோன்றியிருக்காது. வீட்டுக் கடன், கார், மின்சாரக் கட்டணம், இணைய இணைப்பு எல்லாமே எங்கள் வீட்டில் அண்ணன் பெயரில்தான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மா மேசையின் மறுமுனையில் அமர்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் பசாரிலிருந்து மீன் வாங்கி வந்து, பையைக் கழுவுதொட்டியில் வைத்துவிட்டுச் செய்தியைக் கேட்டார். முதலில் சிரித்தார்.

"அலமாக்! அப்போ உலகத்துக்கு நான்தான் ப்ரோக்ராமரா? மொதல்லயே சொல்லியிருந்தா சம்பளம் கூட கேட்டிருப்பேன்லா."

"சிரிக்காதீங்க," என்றார் அண்ணி. "வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

"யாரு கேக்கறது?"

நான் திரையைக் காட்டினேன். திட்டப் பொறுப்பாளர் எந்த நாட்டவர், ஆணா பெண்ணா என்று எங்களுக்குத் தெரியாது. அவர் படம் இருக்க வேண்டிய இடத்தில் நீளமான அலகுள்ள பறவை ஒன்றின் படம். பெயருக்குப் பதில் ஒரு புனைபெயர்.

"பேரே இல்லாத பறவ நம்ம பேர கேக்குதா!" என்றார் அண்ணன். "குடு, நானே எழுதறேன். இது எல்லாம் என் பொண்டாட்டி எழுதுனது, எனக்கு ஒண்ணும் தெரியாது, பாவம் நான்னு. முடிஞ்சது கதை."

"வேணாங்க."

"ஏன் மா? உண்மையத்தானே சொல்றேன்."

"உண்மதான். ஆனா நான் எழுதுனேன்னு நான் சொன்னா பத்தாதா? நீங்க வந்து ஆமான்னு சொன்னாதான் அது என்னோடதாகுமா?"

அண்ணன் அதற்குமேல் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அம்மா பூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "யாரு பேர்ல இருந்தா என்ன? வீட்டுக்குள்ளதானே இருக்கு."

"வீட்டுக்குள்ள இருந்தா பரவால்ல அத்தை," என்றார் அண்ணி. "இது வெளிய போகுதே."

பழைய பதிவுகளில் பெயரை மாற்ற முடியாதா என்று நான் கேட்டேன். முடியும் என்றார். ஒரே கட்டளையில் எல்லாவற்றிலும் மாற்றிவிடலாம். ஆனால் அப்படிச் செய்தால் பதிவுகளின் சங்கிலி முழுவதும் புதிதாகிவிடும். பழைய சங்கிலியின் நகலை எடுத்துக்கொண்டு, அதன் மேல் பேருந்துப் பயணிகளுக்காக வேறொன்றை எழுதிக்கொண்டிருந்தார் செடெனாக்கைச் சேர்ந்த ஒருவர். அவரும் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிறவர் என்பதைத் தவிர அண்ணிக்கு அவரைப் பற்றி எதுவும் தெரியாது.

"அவங்க பாட்டுக்கு மேல கட்டிட்டு இருக்காங்க. நான் அடியில கைய வச்சா, அவங்களோடது என்னோடதோட ஒட்டாம சரிஞ்சிடும்."

ஆகவே அந்த வழியும் அடைபட்டது. அண்ணி எழுந்து மீன் கழுவப் போனார். தண்ணீரை வழக்கத்தைவிட வேகமாகத் திறந்துவிட்டிருந்தார்.

எனக்கு நிரல் படிக்கத் தெரியாது. ஆனால் எழுதியவர் யார் என்று உறுதியாகத் தெரியாத ஒரு பிரதியை எப்படி அணுகுவது என்பதை எங்களுக்கு வகுப்பில் கற்றுத் தந்திருக்கிறார்கள். ஏட்டின் முகப்பில் எவர் பெயர் இருக்கிறது என்பது புறச்சான்று. பிரதிக்கு உள்ளே எவருடைய கண்ணும் நாவும் இருக்கின்றன என்பது அகச்சான்று. இரண்டும் முரண்படும்போது உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். நான் அண்ணியிடம் சொல்லிவிட்டு நிரலைத் திறந்து, மேலிருந்து கீழாகச் சொற்களை மட்டும் படித்துக்கொண்டு வந்தேன்.

பெரும்பாலும் ஆங்கிலக் கட்டளைகள். ஆனால் தாமே பெயர் வைக்க வேண்டிய இடங்களில் அண்ணி தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார். ஓர் இடத்தில் 'மழைப்பொய்' என்று இருந்தது.

"இது என்ன, அண்ணி?"

"மழை பேஞ்சா ரோடு கண்ணாடி மாதிரி ஆயிடும்ல? மோட்டார் லைட்டு தரையில தெரியும். இது அதையும் இன்னொரு மோட்டார்னு எண்ணிடும். அந்தப் பொய்ய கழிக்கறதுக்கு."

சற்றுத் தள்ளி 'தூண்மோட்டார்' என்று ஒன்று. விளக்குத் தூணின் நிழலை நிரல் எப்போதும் ஒரு மோட்டாராக எண்ணிவந்ததாம். பாலத்தில் ஒரு வண்டிகூட இல்லாத பொது விடுமுறை ஒன்றில், 'ஒரு மோட்டார் காத்திருக்கிறது' என்று செய்தி வந்தபோதுதான் அது பிடிபட்டதாம்.

"பாவம், இன்னும் அங்கதான் நிக்குது," என்றார் அண்ணன்.

கடைசிப் பகுதியில் 'அத்தைமணி' என்ற சொல்லைப் பார்த்தேன். அதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன்.

"இது, அண்ணி?"

அண்ணி ஈரக் கையோடு எட்டிப் பார்த்துக் கொஞ்சம் கூச்சப்பட்டார். "அது ஒண்ணுமில்ல. அத்தை எழுந்திரிக்கற நேரம். அதுக்கு முன்னாடி மெசேஜ் வந்தா சத்தம் வரக்கூடாது, சும்மா அதிரணும். இல்லன்னா அத்தை முழிச்சிக்குவாங்க."

அம்மாவின் கையில் இருந்த பூண்டு அப்படியே நின்றது. "என் பேர வேற உள்ள போட்டியா?"

"பேர் போடல அத்தை. அத்தைன்னுதான் போட்டேன்."

"பெக்கான் நானாஸ்ல அன்னாசி மட்டும்தான் வெளையும்னு நெனச்சிட்டு இருந்தேன்," என்றார் அம்மா. அண்ணியின் பிறந்த ஊரை இழுக்காமல் அம்மாவால் அவரைப் பாராட்ட முடியாது.

நான் அண்ணனைப் பார்த்தேன். "அண்ணா, இத நீங்க எழுதியிருந்தா என்ன பேர் வச்சிருப்பீங்க?"

"அம்மாமணின்னு வச்சிருப்பேன். வேற என்ன?" என்று சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கும் விளங்கியது. மேசையில் ஒருமுறை தட்டினார். "ஏய்!"

அந்த நிரலின் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அண்ணன் பெயர் இருந்தது. ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் தம் தாயை வாழ்நாளில் ஒருமுறையும் அத்தை என்று அழைத்ததில்லை. தந்தையின் சகோதரியையும் அத்தை என்போம். எங்கள் அப்பாவுக்கு உடன்பிறந்த பெண்கள் இல்லை. இந்த வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான்.

அதைப் பதிலில் எழுத அண்ணி எளிதில் ஒப்பவில்லை. "வீட்டு விஷயம்லாம் எதுக்கு? மழைய சொல்லலாம், தூண சொல்லலாம். அது டெக்னிக்கல்."

"இதுவும் ஆதாரம்தான், அண்ணி," என்றேன். அதற்குமேல் வற்புறுத்துவது என் இயல்பல்ல. மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன்.

அன்று மாலை அண்ணி பதிலைத் தாமே எழுதினார். எல்லா வரிகளும் தாம் எழுதியவை என்று தொடங்கினார். பெயர் மாறிய காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொன்னார், மன்னிப்புக் கேட்கவில்லை. மழையைப் பற்றியும் தூணைப் பற்றியும் விரிவாக எழுதினார். கனத்த மழையில் தம் முறை இன்னும் தோற்றுப்போகிறது என்பதையும் மறைக்கவில்லை. கடைசியில், நான் அறைக்குப் போய்விட்டேன் என்று நினைத்துக்கொண்டு, அத்தைமணியைப் பற்றி மூன்று வரிகள் சேர்த்தார். எங்கள் மொழியில் மருமகள் அழைக்கும் சொல் அது என்றும், அங்கே பெயர் பதிந்திருப்பவர் அந்த அம்மையாரின் மகன் என்றும் எழுதியிருந்தார். அனுப்பிய பிறகு படிக்கக் கொடுத்தார். எனக்குத் திருத்த எதுவும் இருக்கவில்லை.

அடுத்து வந்த நாள்களில் அண்ணி கைப்பேசியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக் கவிழ்த்து வைத்தார். அம்மாதான் வேலையிலிருந்து அண்ணி வந்ததும் வராததுமாக, "அந்தப் பறவ பேசுச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை பறவை பேசியது. பெயரைப் பற்றிய விளக்கத்துக்கு நன்றி என்று ஒரு வரி. பிறகு நீளமான ஒரு பத்தி முழுவதும் மழையைப் பற்றியே. அவர்கள் மென்பொருளும் ஈரச் சாலையில் அதே தவற்றைச் செய்கிறதாம். பொய்யைக் கழிக்கும் அந்தப் பகுதியைத் தங்கள் நிரலுக்கு ஏற்றவாறு அண்ணி எழுதித் தர முடியுமா என்று கேட்டு, தாமே உடனிருந்து வழிகாட்டுவதாகவும் சொல்லியிருந்தார். சேர்த்துக்கொண்டோம் என்ற சொல்லை அந்தச் செய்தியில் நாங்கள் தேடிக்கொண்டே இருந்தோம். அண்ணிதான் முதலில் புரிந்துகொண்டார். "வேலை குடுத்துட்டாங்க," என்றார்.

செய்தியின் அடியில் ஒரு பின்குறிப்பு இருந்தது: உங்கள் அத்தை இப்போதும் அந்த நேரத்துக்குத்தான் எழுகிறாரா?

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அம்மா முறைத்தார். "அந்தப் பறவைக்கு எதுக்கு அது?" சற்று நேரம் கழித்து, அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வந்தது: "இப்போ கொஞ்சம் முன்னாடியே எழுந்திரிக்கறேன்னு சொல்லு."

அன்றைக்கே அண்ணி மடிக்கணினியில் எழுதுபவர் பெயரை மாற்றினார். அதற்கு ஒரே ஒரு வரி போதுமாயிருந்தது. பழைய பதிவுகளைத் தொடவில்லை. அவற்றோடு ஒரு சிறு கோப்பை மட்டும் சேர்த்தார். இந்தப் பெயரில் உள்ளவற்றை இன்னார் எழுதியதாகக் கொள்க என்று கருவிக்குச் சொல்லும் கோப்பு அது. செடெனாக்காரருக்கு எதுவும் சரியவில்லை.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், "அப்போ நான் மொத்தமா காலியா?" என்றார்.

அண்ணி இன்னொரு கோப்பைத் திறந்தார். நன்றி என்று தலைப்பிட்டு, அண்ணன் பெயரை எழுதி, அதன் எதிரே 'பாலத்தில் நின்று உண்மையான எண்ணிக்கையைச் சொன்னவர்' என்று தட்டினார். நிரலை எழுதிய காலம் முழுவதும் அண்ணன் விடியற்காலை வரிசையில் நின்றபடி, தமக்கு முன்னால் எத்தனை மோட்டார் என்று எண்ணி அனுப்பிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நின்னதுக்கெல்லாமா பேரு போடுவாங்க?"

"நீங்க நின்னு சொல்லலன்னா, நான் எண்ணுனது சரியா தப்பான்னு யாருக்குத் தெரியும்?"

வெளியே இடி முழங்கியது. மழை இரவு முழுவதும் நிற்காது போலிருந்தது. அண்ணி சன்னலைப் பார்த்துவிட்டு, "நாளைக்கி காலையில எண்ணி அனுப்புறீங்களா? கன மழைக்கு எங்கிட்ட எண்ணிக்கை ஒண்ணுமே இல்ல," என்றார்.

"பறவைக்கா?"

"எனக்கு."

அண்ணன் அலமாரியிலிருந்து மழைச்சட்டையை எடுத்து வாசல் கம்பியில் மாட்டினார்.