டாக்டரைச் சுமந்த இடது கால்

மலைமேல் இருக்கும் குண்டனி நாட்டுக் காளியண்ணனுக்கு எலும்பு விரிசல் விட்டது இடது காலில். வலது கால் என்று சிலர் சொல்லி வருவது தவறு. வலது காலை அவர் நொண்டியது அதற்கு முந்தைய வருஷம், அதுவும் பொய்யாக. பாதை வெட்டும் ஊர்வேலைக்குப் போகாமலிருக்கக் காலையில் வலது காலை நொண்டியவர், சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும் இடது காலை நொண்டினார். ஊரே பார்த்தது.

மற்றபடி அவர் நல்ல டோலிக்காரர். மலைக்கு வண்டிப்பாதை இல்லாத காலம். உத்தியோகஸ்தர்களை மூங்கில் தண்டில் தொங்கும் டோலியில் உட்காரவைத்து நால்வர் தூக்குவார்கள். முன்தண்டு பிடிப்பது காளியண்ணன் வீட்டு உரிமை. சுமைக்குப் பயந்து பொய் சொன்னால் அந்த உரிமை வேறு வீட்டுக்குப் போய்விடும், அது ஊர்க்கட்டு.

1943 ஆவணியில் மலேரியா வேலையாக ஒரு டாக்டர் மலையில் வந்து தங்கினார். நல்ல மனிதர், நல்ல உடம்பு. மாதத்துக்கு ஒருமுறை கிளம்பிக்கொண்டிருந்த டோலி, ஊர் ஊராகத் தினமும் ஏறி இறங்கியது. புரட்டாசி பிறந்ததும் காளியண்ணனுக்கு இடது பாதத்தின் மேற்புறம் வலித்தது. உட்கார்ந்தால் போகும், தண்டைத் தோளில் வைத்தால் வரும். விழவில்லை, முள் குத்தவில்லை. சுளுக்கென்று நினைத்து மனைவி அத்தாயி எண்ணெய் போட்டு உருவினாள், வலி கூடியது. ஒருநாள் விடிந்ததும் அவர் தண்டைத் தொட மறுத்துவிட்டார்.

பின்தண்டு பிடிக்கும் சின்னுசாமிக்கு முன்தண்டின்மேல் வெகுநாள் ஆசை. "உக்காந்தா போற நோவு எனக்குந்தானுங்க இருக்குது," என்று ஊர்க்கவுண்டரிடம் போனார். அன்று மாலையே ஊர் கூடியது. டாக்டரையும் அழைத்தார்கள்.

டாக்டர் பாதத்தைப் பார்த்தார். "இது எலும்பு விரிசல். பட்டாளத்துல புதுசா நடை பழகறவங்களுக்கு வரும். நடக்க நடக்க எலும்புல சின்னச் சின்னச் சேதம் விழும். ஓய்வு கெடைச்சா எலும்பே சரிபண்ணிக்கும். கெடைக்கலைன்னா, கம்பியைத் திரும்பத் திரும்ப வளைச்ச மாதிரி ஒருநாள் விட்டுடும்."

"கண்ணுக்குத் தெரியலீங்களே சாமி?" என்றார் சின்னுசாமி.

"ஆரம்பத்துல எக்ஸ்ரேயிலயே தெரியாது."

"கேட்டீங்களா! மிசினுக்கே தெரியாத நோவாமா!"

கூட்டம் சிரித்தது. டாக்டர் காளியண்ணனின் கண்ணைத் துண்டால் கட்டச் சொன்னார். "நீயே அழுத்திப் பாரு," என்றார் சின்னுசாமியிடம்.

சின்னுசாமி குதிகாலை அழுத்தினார், கட்டைவிரலை அழுத்தினார், வலது காலையும் அழுத்தினார். சத்தமே இல்லை. இரண்டாம் விரலுக்கு மேலே ஓரிடத்தில் விரல் பட்டதும் காளியண்ணன் அலறினார். சுற்றிவளைத்து எப்படி வந்தாலும் அதே இடத்தில்தான் அலறல்.

அத்தாயி எழுந்தாள். "போன வருசம் எந்தக் காலுன்னே மறந்துபோன மனுசனுங்க. கண்ணக் கட்டிட்டு இத்தனூண்டு எடத்த நெனப்புல வெச்சிருப்பாராக்கும்?"

கவுண்டருக்கு அது போதுமாக இருந்தது. "முன்தண்டு காளியண்ணன் ஊட்டுக்கேதான்," என்றவர், டாக்டரிடம் திரும்பினார். "ஏனுங்க, இத்தன வருசமா வராதது இப்ப ஏனுங்க வந்துது?"

"திடீர்னு சுமை கூடினா..." என்று ஆரம்பித்த டாக்டர் பாதியில் நிறுத்தினார். எல்லாரும் அவர் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் பேரு சொல்லலீங்க," என்றார் காளியண்ணன், கட்டிய கண்ணோடு.

ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது, இரண்டு மூன்று வாரம் கழித்துச் சேலத்தில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். எடுத்தபோது விரிசலைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்திருந்தது தெரிந்தது. கார்த்திகையில் காளியண்ணன் முன்தண்டுக்குத் திரும்பினார்.

சேலத்துக்குப் போன விதத்தையும் எழுத வேண்டும். ஊருக்கு இருந்தது ஒரே டோலி. ஊன்றக் கூடாதவர் அதில் ஏறினார். முன்னால் அத்தாயியின் தம்பி தோள் கொடுத்தார், பின்தண்டில் சின்னுசாமி. கீழே வேலையிருந்த டாக்டர் கூடவே நடந்தார். அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்குப் பாதி இறக்கத்தில் அவர் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். டோலிக்குள்ளிருந்து தலை நீண்டது.

"ஏறிக்குங்க சாமி. ஒருக்களிச்சு உக்காந்தா எடமிருக்குதுங்க."

பின்தண்டிலிருந்து சின்னுசாமி சொன்னதை எழுதுவதற்கில்லை.