பத்து ஜோடி செருப்பும் ஒரு சாமியும்

1. முதல் நாள்

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று வனத்துறை ரேஞ்சர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"மேரிம்மா, உங்களுக்குத் தெரியாம ஒரு ஆள் இந்த வேலியத் தாண்டக் கூடாது. தாண்டுனான்னு வைங்க, அன்னிக்கே கேம்ப்ப இழுத்து மூடிட்டுப் போயிட்டே இருப்பேன்."

அவருக்கு என் கடைசித் தம்பியின் பையன் வயதுதான் இருக்கும். "தம்பி, நான் இருவத்தாறு வருசம் பொம்பளப் புள்ளைங்க ஹாஸ்டலுக்கு வார்டனா இருந்தவ. எங்கிட்ட இருந்து பூனை கூட சொல்லாம வெளிய போனதில்ல" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரம்பலூர் பக்கம் பச்சைமலை அடிவாரத்தில் ஓர் அணை. அணைத் தண்ணீரை ஒட்டிய காட்டுக்குள், வாகையும் புங்கனும் நிற்கிற ஒரு மேட்டில், ஆறு டென்ட். ஒரு சமையல் கொட்டகை, இரண்டு குளியலறை, சுற்றிலும் கம்பி வேலி. இதை நடத்துவது கீழ் ஊர்ப் பெண்கள் குழு. ஆறு பெண்கள், ஆறு குடும்பம். வார விடுமுறைக்கு நாலு பேர் வந்து தங்கினால்தான் அந்த ஆறு வீட்டிலும் அடுப்பு நிம்மதியாக எரியும். கேம்ப் மூடினால் எனக்கு ஒன்றும் பெரிய நஷ்டமில்லை, பென்ஷன் வருகிறது. அவர்களுக்கு அப்படி இல்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

2. டென்ட்டுக்குப் பூட்டு

நம் ஊர்க்காரர்கள் டென்ட்டில் தங்குகிற அழகே தனி. படத்தில் பார்த்துவிட்டு ஆசையாக வருவார்கள். வந்ததும் முதல் கேள்வி, "பாத்ரூம் அட்டாச்டுதானுங்களே?" இரண்டாவது கேள்வி, "ப்ளக் பாயின்ட் எங்க?"

பாடாலூரிலிருந்து வந்த ஓர் அம்மா டென்ட்டின் இரண்டு ஜிப்பையும் ஒன்றாக இழுத்து, கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பூட்டை எடுத்துப் பூட்டிவிட்டு அணையைப் பார்க்கப் போனார். திரும்பி வந்தபோது சாவியைக் காணோம். சாவி டென்ட்டுக்குள் இருந்தது. இன்னொரு குடும்பம் டென்ட் கம்பியில் கொடி கட்டி, நனைந்த துணி அத்தனையையும் காயப் போட்டது. டென்ட் மெதுவாக உட்கார்ந்தது. உள்ளே அந்த வீட்டு மாப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தார். மாமியார் முதலில் சேலையைத்தான் எடுத்து உதறினார்.

இவர்களை வைத்து மேய்ப்பதற்கு ஹாஸ்டல் அனுபவம் கொஞ்சநஞ்சமல்ல, ரொம்பவே உதவியது. காலை ஆறுக்கு மணி. நாலு மணிக்கு டீயும் சுண்டலும், ஆளுக்கு ஒரு தட்டு. மாலை ஐந்துக்கு எண்ணிக்கை. நாற்பது வயது ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணினால் முகத்தைச் சுளிப்பார்கள். ஆகவே ஒரு சுருக்கு வழி கண்டுபிடித்தேன். எவ்வளவு பெரிய கொம்பனும் செருப்போடு டென்ட்டுக்குள் போகமாட்டான். ஐந்து மணிக்கு ஒரு நடை நடந்து வாசல் செருப்பை எண்ணிவிட்டால் ஆள் கணக்கு முடிந்தது. அணையைப் பார்த்துக்கொண்டு மேட்டில் நிற்பவர்களையும் சேர்த்துக்கொள்வேன். ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஆயிற்று.

இந்த யோசனையில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. குழுப் பெண்களிடம் நாலைந்து தரம் சொல்லியிருப்பேன்.

3. செருப்பில்லாதவர்

கார்த்திகை மாதம் ஒரு சனிக்கிழமை, அரியலூர் பக்கத்து ஆலை ஒன்றின் ஸ்டோர்ஸ் செக்‌ஷனிலிருந்து பதினோரு பேர் வந்தார்கள். பத்துப் பேர் ஐந்து டென்ட்டில். பதினோராவது ஆள் முருகேசன், சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டு, வெறுங்கால். அவருக்குத் தனி டென்ட்.

அவர்களுடைய மேனேஜர் ராமநாதன் பாடுதான் வேடிக்கை. மற்ற மாதங்களில் முருகேசனை "யோவ்" என்றுதான் கூப்பிடுவாராம். இப்போது மாலை போட்டுவிட்டதால் மரியாதை தவறக் கூடாது. வண்டியிலிருந்து இறங்கும்போதே அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

"சாமி, ஸ்டாக் எண்ட்ரிய முடிக்காமயே கெளம்பி வந்துட்டீங்களே சாமி, இது ஒங்களுக்கே நல்லாருக்கா சாமி?"

முருகேசன் மெதுவாக, "திங்கக்கெழம முடிச்சிடுறேன் சாமி" என்றார். மாலை போட்டவர் எல்லோரையும் சாமி என்பார் அல்லவா, மேனேஜருக்கும் அந்தப் பட்டம் கிடைத்தது. மனுசர் முகத்தில் அதில் ஒரு சின்ன சந்தோஷமும் தெரிந்தது.

மதியம் எனக்கு மூச்சு விட நேரமில்லை. இரண்டு பேர் வாகை மரத்தடியில் நெருப்பு மூட்டினார்கள், போய் அணைக்க வைத்தேன். நாலு பேர் ஆறு கிலோ கோழியைக் கொண்டுவந்து, கழுவ இடமில்லாமல், இரண்டு குளியலறையிலும் வைத்துக் கழுவினார்கள். நாலு மணிக்கு டீயும் சுண்டலும் கொடுத்துவிட்டு, மறுபடியும் அந்தக் கோழிக்காரர்களோடு சண்டை. குழுவில் சமையலைப் பார்க்கிற செல்லம்மா சுண்டல் சட்டியை ஒழித்துவிட்டு, ராத்திரிக்கு மாவு எடுத்துவரக் கீழ் ஊருக்குப் போனாள்.

ஐந்து மணிக்கு ஒரு நடை நடந்தேன். பத்து ஜோடி செருப்பு. சாமிதான் செருப்பே போடுவதில்லையே, அவர் டென்ட்டுக்குள் பூஜையில் இருப்பார் என்று மனதிலேயே ஒன்றைக் கூட்டிக்கொண்டேன். பதினொன்று. கையெழுத்துப் போட்டேன்.

4. பதினொன்றில் ஒன்று

ஐந்தரைக்கு ரேஞ்சர் ஜீப்பில் வந்தார். அவருக்குச் செருப்புக் கணக்கெல்லாம் தெரியாது. எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்து, தலையை எண்ணினார்.

"பத்துதான இருக்கு?"

சாமியின் டென்ட்டைத் திறந்தோம். மடித்த போர்வை, ஐயப்பன் படம், செல்போன். ஆள் இல்லை. மேனேஜர் பதற்றத்தில் அவருக்கே போன் போட்டார். போன் எங்கள் காலடியில் அடித்தது.

அப்போதுதான் ரேஞ்சரோடு வந்திருந்த வாட்சர் கோவிந்தன் தண்ணீர்ப் பக்கமிருந்து கூப்பிட்டான். கரையோரப் புதரில் ஒரு கறுப்புத் துண்டு கிடந்தது.

மாலை போட்டவர்கள் காலையும் மாலையும் குளித்தாக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மழை முடிந்து அணை நிரம்பிக் கிடந்தது. அந்த இடத்தில் இரண்டடி இறங்கினால் அடுத்த அடிக்குத் தரை கிடையாது. 'குளிக்கத் தடை' என்று ஆளுயரப் போர்டு வைத்திருக்கிறோம், ஆனால் போர்டைப் படித்துவிட்டு அதன் மேலேயே துணியைப் போட்டுக் குளிக்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். ரெஜிஸ்டரில் வீட்டு போன் நம்பர் என்ற இடத்தில் முருகேசன் தன் மனைவி பெயரை எழுதி, பக்கத்தில் தேவையில்லாமல் 'மகள் இரண்டாம் வகுப்பு' என்றும் எழுதியிருந்தார். அந்த இரண்டாம் வகுப்புதான் என்னைப் போட்டு வாட்டியது. மாதாவே, மாதாவே என்று வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

கோவிந்தன் நீளக் கழியோடு தண்ணீரில் இறங்கினான். மற்ற பத்துப் பேரும் கரை நெடுக நின்று "சாமீ... சாமீ..." என்று கத்தினார்கள். எதிர்க்கரையில் ஆடு ஓட்டிக்கொண்டு போன யாரோ ஒருவர், பக்தி வந்து, "சரணம் ஐயப்பா!" என்று திரும்பக் கத்தினார். இவர்கள் சாமிதான் பதில் கொடுக்கிறார் என்று நினைத்து இன்னும் பலமாகக் கத்தினார்கள். அவரும் விடவில்லை. வேறொரு நாளாக இருந்தால் நான் சிரித்துப் புரண்டிருப்பேன்.

"மேரிம்மா, ரெஜிஸ்டர்ல பதினொண்ணுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நேர்ல பார்த்தீங்களா?" என்று ரேஞ்சர் கேட்டார்.

"அதான் போட்டிருக்கேன்ல!" என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். தப்பு செய்தவளுக்குத்தானே குரல் உயரும்.

ஆறு மணிக்கு மண் ரோட்டில் பால்காரரின் டி.வி.எஸ். மொபெட் வந்தது. பின்னால் ஈர வேட்டியோடு, நெற்றி நிறைய விபூதியோடு, முருகேசன் உட்கார்ந்திருந்தார்.

5. மரியாதையான திட்டு

நடந்தது இவ்வளவுதான். குளியலறை இரண்டிலும் கோழி. அணையில் குளிக்கத் தடை. மனுசர் போர்டைப் படித்து, அதை மதித்து, இரண்டு கிலோமீட்டர் வெறுங்காலில் கீழ் ஊருக்கு நடந்து, ஒரு போர்செட்டில் குளிக்கப் போயிருக்கிறார். த்ரீ பேஸ் கரண்ட் ஐந்தரைக்குத்தான் வந்ததாம், அதுவரை மோட்டார் கொட்டகையில் காத்திருந்திருக்கிறார். துண்டு, மதியம் அலசிக் காயப் போட்டது.

மேனேஜருக்குப் போன உயிர் கோபமாகத் திரும்பி வந்தது. ஆனால் திட்டுவதிலும் விரதம் கெடக் கூடாது.

"அறிவிருக்கா சாமி ஒங்களுக்கு? மனுசனா சாமி நீங்க? திங்கக்கெழம வாங்க சாமி, கையில மெமோ குடுக்குறேன்!"

நானும் சேர்ந்துகொண்டேன். ஹாஸ்டல் மொட்டை மாடி வரைக்கும் கேட்கிற என் பழைய குரலில், "ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறதுக்கு வாயில்லையா சாமி? இங்க ஒருத்தி இருக்கறது கண்ணுக்குத் தெரியலயா?" என்றேன்.

முருகேசன் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு கை மாலைக்குப் போனது, வாய் மூடிக்கொண்டது.

ரேஞ்சர் நோட்டை எடுத்தார். "விசிட்டர் சொல்லாம வேலியத் தாண்டுனாருன்னு எழுதிக்கறேன். தப்பு அவரோடதுன்னா கேம்ப்புக்குப் பிரச்சனை இல்ல. அவரு ஆபீசுக்கு ஒரு லெட்டர் மட்டும் போவும். என்னங்க, யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போனீங்களா?"

சாமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை.

ஈரத்தோடு நிற்கிறாரே என்று சுக்குத் தண்ணி போடக் கொட்டகைக்குப் போனேன். செல்லம்மா மாவோடு அப்போதுதான் திரும்பியிருந்தாள். நாலு மணி சுண்டல் தட்டுகள் பத்து, சாப்பிட்டது சாப்பிட்ட இடத்தில் கிடந்தன. ஒன்று மட்டும் கழுவித் துடைத்து மேடை மேல் கவிழ்த்து வைத்திருந்தது.

"இது யாரு தட்டு, இவ்வளவு ஒழுங்கா?" என்றேன்.

"சாமி தட்டும்மா. நீங்கதான கழுவி வெக்கச் சொன்னீங்க?"

"நான் எப்ப சொன்னேன்டி?"

"போர்செட்டுல குளிச்சுட்டு வரட்டுமான்னு ஒங்ககிட்ட வந்து கேட்டாரேம்மா. நீங்க அந்தக் கோழிக்காரங்கள வைஞ்சுகிட்டே, 'சரி சரி, தட்டக் கழுவி வெச்சிட்டுப் போ'ன்னீங்க. அவரும் கழுவி வெச்சிட்டுத்தான் போனாரு."

ஹாஸ்டலில் ஒரு நாளைக்கு நூறு தரம் சொன்ன வாக்கியம் அது. சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன் என்பதில் சந்தேகமும் இல்லை.

செல்லம்மாவுக்கு வெளியே நடப்பது புரிந்தபோது குரலைத் தாழ்த்தினாள். "விடுங்கம்மா. அவரே வாயத் தொறக்கல. நீங்க போயி சொன்னா கேம்ப்ப மூடிடுவாங்க. எங்க ஆறு வூட்டையும் நெனச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்த்தேன். சுக்குத் தண்ணி கொதிக்கிற வரைக்கும் நினைத்துப் பார்த்தேன். வெளியே ஒருவர், விரதத்தில் பொய் சொல்லக் கூடாது என்பதற்காகவும், வயதான பொம்பளையைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காகவும், மெமோவை வாங்கிக்கொள்ளத் தயாராக நிற்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு அலங்காரமெல்லாம் எதற்கு, வெட்கம்தான்.

டம்ளரைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "சார், அவரு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு. நான்தான் காதுல வாங்கல. அஞ்சு மணிக்கு ஆளையும் பார்க்கல. செருப்ப எண்ணிட்டுக் கையெழுத்துப் போட்டேன்."

ரேஞ்சர் என்னையும் ரெஜிஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "செருப்பயா?"

"செருப்பத்தான் சார்."

அவர் பேனாவை மூடினார். "என்னோட நிபந்தன என்னங்க மேரிம்மா? ஒங்களுக்குத் தெரியாம யாரும் தாண்டக் கூடாது. அவரு ஒங்ககிட்ட சொல்லிட்டுப் போயிருக்காரு. ஆகக்கூடி கேம்ப் தப்பிச்சுது. நீங்க மாட்டிக்கிட்டீங்க." எனக்கு எழுத்து மூலமாக ஓர் எச்சரிக்கை கொடுத்தார். மேனேஜர் மெமோவை வாபஸ் வாங்கினார். "சாரி சாமி" என்று அவர் சொன்னபோது மற்ற ஒன்பது பேரும் மும்முரமாக அணையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிறு காலை கிளம்பும்போது முருகேசனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். "மூணு தரம் சொன்னேன்மா. மூணு தரமும் தட்டக் கழுவச் சொன்னீங்க. சரி, இவ்வளவு சொல்றாங்களேன்னு நல்லா தேய்ச்சே கழுவிட்டேன்."

6. கற்றுக்கொண்டது

இப்போது எங்கள் கேம்ப்பில் ஐந்து மணிக்கு முகத்தைப் பார்த்து, பெயரைச் சொல்லி எண்ணுகிறோம். முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளட்டும். புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு டென்ட் கட்டக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் நான் சொல்லிக்கொடுப்பது வேறொன்று. ஒருவர் பக்கத்தில் வந்து நின்றால், கையிலிருக்கும் கரண்டியைக் கீழே வை. திரும்பி நில். அவர் சொன்னதை அவருக்கே ஒரு தரம் திருப்பிச் சொல். அதற்கப்புறம் கோழிக்காரர்களைத் திட்டலாம், அவர்கள் எங்கும் போய்விட மாட்டார்கள்.

முருகேசன் வண்டியேறிப் போன பிறகு நான் வெகுநேரம் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். அவர் பெரிய மனுசர், மூன்று தரம் சொன்னார். ஹாஸ்டலில் என் முன்னால் வந்து நின்ற பிள்ளைகள் ஒரு தரம்தான் சொல்லியிருக்கும். இருபத்தாறு வருடத்தில் எத்தனை பேர் தட்டோடு வந்து, "மேடம், ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்திருப்பார்கள். ஒருத்தியும் மறுபேச்சுப் பேசியதில்லை. எல்லாத் தட்டும் சுத்தமாகக் கழுவி அடுக்கியிருக்கும். என் ஹாஸ்டலைப் போல ஒழுங்கான ஹாஸ்டல் ஜில்லாவிலேயே கிடையாது என்று வருகிற அதிகாரிகள் எல்லாம் எழுதிவைத்துவிட்டுப் போவார்கள்.